பெட்டிக்கு உருவம் தரும் துணி

காரின் பின்மூலையில் வளைந்து நெளிந்து கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்பக்க வளைவுக்கு அச்சு எதுவும் தேவையில்லை. கீழே பலகைச் சட்டம், மேலே ஒலிபெருக்கியைப் பொருத்த ஒரு மரவளையம், இரண்டையும் மூடி இழுத்துக் கட்டிய துணி. அவ்வளவுதான். துணியின்மேல் கடினமாக்கி கலந்த பாலியெஸ்டர் பிசினைப் பூசினால் சில மணி நேரத்தில் அது ஓடுபோல் இறுகிவிடும்.

ஆனால் எல்லாத் துணியும் இதற்கு உதவாது. சட்டைத் துணி நெய்யப்பட்டது. அதன் நூல்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுவதால் இழுத்தாலும் அதிகம் நீளாது. வளைவுகளில் மடிப்பு விழும். டி-சட்டைத் துணியும் ஃபிளீஸும் பின்னப்பட்டவை. இழுக்கும்போது நூல் வளையங்கள் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். பெரும்பாலும் அகலவாக்கில்தான் அதிகம் நீளும் என்பதால், எந்தத் திசையில் கூடுதல் இழுப்பு தேவையோ அந்தத் திசைக்கு அகலத்தைத் திருப்பி வையுங்கள்.

ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி இன்னும் நன்றாக நீளும். டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசஃப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கிய இந்த இழை, தன் நீளத்தைப்போல் 5 மடங்கு வரை நீளக்கூடியது. சிக்கலான வளைவிலும் சுருக்கமின்றிப் படியும். குறை என்னவென்றால், மெல்லிய துணி பிசினைக் கொஞ்சமே பிடித்துவைக்கும். தடித்த ஃபிளீஸோ பஞ்சுபோல் குடிக்கும். முதல் பூச்சிலேயே நல்ல விறைப்பு கிடைக்கும். முதன்முறை செய்பவருக்கு என் பரிந்துரை ஃபிளீஸ்தான். பிசின் செலவு கூடும், பரவாயில்லை.

பழைய பருத்தி டி-சட்டை போதாதா? நம் ஊர் ஈரக்காற்றில் யோசிக்க வேண்டிய விஷயம் அது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரைப் பிடித்துவைக்கிறது. பாலியெஸ்டர் பிடிப்பது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பிசின் இறுகுவதை நீர் கெடுக்கும். நாள் கடந்தும் பிசுபிசுப்பு போகாது.

இழுத்துக் கட்டிய துணிக்குத் தனக்கென ஒரு வடிவக் கணக்கும் உண்டு. சோப்புப் படலத்தைப்போல் அது ஒரு திசையில் மேலெழுந்தால் மறு திசையில் குழியும், குதிரைச் சேணம் மாதிரி. கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ சோப்புப் படலங்களை ஆராய்ந்தே கூடார வடிவங்களைக் கண்டார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கக் கூரையில் அவருடைய கைவண்ணத்தைக் காணலாம். ஆகவே எவ்வளவு இழுத்தாலும் துணி தானாக வெளியே புடைக்காது. புடைப்பு வேண்டுமென்றால் உள்ளிருந்து மரக்குச்சியால் முட்டுக் கொடுங்கள். பாலிஸ்டைரீன் நுரையை வைத்துவிடாதீர்கள். பிசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்.

துணி இறுகியதும் பெட்டி தயார் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. துணி தருவது உருவத்தை மட்டுமே. சப்ஊஃபர் அதிரும்போது உள்ளிருக்கும் காற்று மாறி மாறி அழுந்தியும் விரிந்தும் சுவர்களைத் தாக்கும். மெல்லிய ஓடு தானும் சேர்ந்து அதிரும், பிறகு விரிசல் விடும். உட்புறம் கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டி, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் வரை கொண்டுவாருங்கள். எல்லா அடுக்குகளையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். தடித்த இடம் சூடேறி வெடிக்கலாம்.

ஸ்டைரீன் ஆவியைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குள் இந்த வேலையே வேண்டாம்.

துணிக்கடையில் முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்குங்கள். ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவின் வாயில் இழுத்துக் கட்டி, கொஞ்சம் பிசினைப் பூசி வையுங்கள். மறுநாள் விரலால் அழுத்தும்போது துணி குழிந்தாலோ விரலில் ஒட்டினாலோ, வேறு துணி பாருங்கள்.