நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?

பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பக்கம் போனால், வரிசை வரிசையாக சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் தரவு மையங்கள் இருக்கின்றன. இன்னும் தெற்கே, மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணுஉலைக் கணக்குகளைப் போட கிளஸ்டர்கள் உண்டு. பல கணினிகளை வேகமான வலையில் கோத்து ஒரே இயந்திரம்போல வேலை வாங்குவதுதான் கிளஸ்டர். அதில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்.

நோட்கள் நூறு, ஆயிரம் என்று பெருகிவிட்டால் எதற்கு உடம்பு சரியில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கண்காணிப்புக் கருவிகள். புரொமிதியஸ் குறித்த இடைவெளியில் ஒவ்வொரு நோடிடமும் அளவுகளைக் கேட்டு வாங்கிவரும். கிராஃபனா அவற்றை வரைபடமாக்கிக் காட்டும். எந்த ஜாப் (வேலை) எந்த நோடில் ஓடும் என்பதை ஸ்லர்ம் பங்கிடும். இந்தத் திரைகளை இதுவரை நைட் ஷிஃப்ட் இன்ஜினியர்கள் பார்த்துவந்தார்கள். இப்போது ஏஐ ஏஜென்ட்டும் பார்க்கிறது, பல இடங்களில் கட்டளையும் போடுகிறது.

சிக்கல், இந்தக் கருவிகளைப் பற்றி ஏஜென்ட் படிக்க எழுதித்தரும் கையேட்டில் இருக்கிறது. ஸ்லர்மில் 'சின்ஃபோ' என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். முதல் பத்தியில் நோட் குழுவின் பெயரோடு ஒரு நட்சத்திரக் குறி ஒட்டியிருந்தால், எதுவும் குறிப்பிடாமல் அனுப்பும் ஜாப் அந்தக் குழுவுக்குப் போகும் என்று அர்த்தம். அதே வரியில் 'டவுன்' என்ற நிலைக்குப் பக்கத்தில் அதே நட்சத்திரம் இருந்தால், அந்த நோட் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். பழகியவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. புதிதாக வந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்வார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. எழுதியிருப்பதை வைத்துத்தான் முடிவெடுக்கும், எழுதாததைத் தானே ஊகித்துக்கொள்ளும்.

இதைவிட மோசமானது நோடில் உள்ள கணக்குச் சிப்பான ஜிபியு எவ்வளவு பயன்படுகிறது என்று என்விடியா கருவி காட்டும் சதவீதம். நூறு என்று காட்டினால் ஜிபியு முழு மூச்சாக உழைக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த எண் சொல்வது, அளந்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஏதாவது ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும். ஐம்பது சீட் பஸ்ஸில் ஒரே ஒருவர் ஏறிக்கொண்டு செங்கல்பட்டுக்கும் கல்பாக்கத்துக்கும் போய்வந்துகொண்டே இருந்தாலும் பஸ் நாள் முழுக்க ஓடியது என்பது உண்மைதானே! கையேடு இந்த ஒரு வரியைச் சொல்லாவிட்டால், காலியாகக் கிடக்கும் ஜிபியுவைப் பார்த்து 'இடமில்லை' என்று ஏஜென்ட் அறிக்கை எழுதும்.

அளவுகோல் எதை அளக்கிறது என்பது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அணுசக்தித் துறையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டதைப்போலக் காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டுவதே இல்லை. மூடச் சொல்லி உத்தரவு போனதா என்பதை மட்டுமே காட்டும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது; உலையின் மையம் பாதி உருகியது. பயிற்சி பெற்ற மனிதர்களே அந்த விளக்கை நம்பினார்கள் என்றால் ஏஜென்ட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே கையேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும், அது எதை அளக்கிறது, எவ்வளவு நேரத்துக்கான சராசரி, எதைச் சொல்லவில்லை என்று எழுதியாக வேண்டும். கட்டளை தரும் வெளியீட்டின் மாதிரியையும் அப்படியே ஒட்ட வேண்டும். அளவு பூஜ்யமாக வருவதும் அளவே வராமல் போவதும் ஒன்றல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புரொமிதியஸ் சில சமயம் ஐந்து நிமிடம் வரை பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும்; அதற்குள் நோட் செத்தே போயிருக்கலாம்.

அடுத்தது, பார்க்கும் கட்டளையையும் மாற்றும் கட்டளையையும் பிரித்துக் காட்டுவது. ஏஜென்ட்டுகளுக்குக் கருவிகளை அறிமுகப்படுத்த ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கவும் கூடியதா என்று குறித்துவைக்க இப்போது இடம் உண்டு. ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு இல்லை. உரிமையைக் கிளஸ்டர் பக்கத்திலேயே கட்டிப்போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்லர்மில் ஒரு நோடை 'டிரெயின்' செய்தால் ஓடும் ஜாப்கள் முடியும்வரை ஓடும், புதியவை மட்டும் வராது. 'டவுன்' என்று மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பவையும் அந்த இடத்திலேயே நிற்கும். மூன்று நாளாக ஓடும் ஒரு கணக்குக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் மூன்று நாள். இரண்டுக்குமே காரணம் எழுதச் சொல்லி ஸ்லர்ம் கேட்கும். அங்கே என்ன எழுத வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும்: எந்த அலர்ட், எத்தனை மணிக்கு, அளவு எவ்வளவு, முடிவெடுத்தது ஏஜென்ட்டா மனிதரா. வெறுமனே 'பிரச்சினை' என்று எழுதி வைத்தால், காலை ஷிஃப்டுக்கு வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தோண்ட வேண்டியிருக்கும்.