நிற்கும் வாகனமும் நட்டம்தான்

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சீனக்குடாவில் பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்க, பக்கத்து ஊர்க்காரரான நாம் நாட்கணக்கில் காத்து நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து தந்தார்கள். அந்நாட்களில் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் சரக்கு அனுப்ப, கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே லொறி பிடித்தோம். தட்டுப்பாடு நீங்கியதும் அவரவர் பாட்டில் போய்விட்டோம்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது புதுக்கார் ஆசை பலருக்கு. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். காலையில் கடைக்கு வரும் கார், இரவு வரை வெயிலில் நிற்கிறது. நின்றாலும் லீசிங் தவணையும் காப்புறுதியும் நிற்பதில்லை.

இதற்கு ஒரு வழிதான் வாகனப் பகிர்வு. ஒரு காரைப் பலர் முறைவைத்து ஓட்டி, பாவித்த மணித்தியாலத்துக்கும் தூரத்துக்கும் மட்டும் பணம் கட்டுவது. சாரதியோடு வரும் பிக்மீ, ஊபர் வேறு, இது வேறு. நம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில், 1987இல் தொடங்கிய இரு கூட்டுறவுச் சங்கங்கள் 1997இல் இணைந்து ‘மொபிலிட்டி’ ஆயின. அது இன்று நாடு முழுவதும் கார் பகிர்வு நடத்துகிறது. பாரிஸ் நகரின் ‘ஓட்டோலிப்’ மின்கார்த் திட்டமோ 2011இல் தொடங்கி, நட்டத்தால் 2018இல் மூடப்பட்டது. பகிர்வு என்றாலே இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது.

சுற்றாடலுக்கு என்ன நன்மை? ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கட்டுபவர், கிட்டிய இடத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போவார். கடைத்தெருவில் வாகனம் நிறுத்தும் நெருக்கடியும் குறையும். ஆனால் பகிர்வதால் யாராவது சொந்தக் கார் வாங்காமல் விட்டால்தான் இந்த நன்மை. பஸ்ஸில் போனவர் காருக்கு மாறினால் புகை கூடவே செய்யும்.

நமது ஊரில் நம்பிக்கையான மூன்று நாலு வியாபாரிகள் சேர்ந்து ஒரு வாகனத்தில் தொடங்கலாம். யாருக்கு எந்த நாள், பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் எழுத்தில் வையுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு விட்டால், விபத்தின்போது நட்டஈடு மறுக்கப்படலாம்.

தட்டுப்பாடு கற்றுத்தந்த சிக்கனத்தை, தாராளம் வந்த பிறகும் கைவிடாதவனே நல்ல வியாபாரி.