விபிஎன் போட்டும் வட்ஸ்அப் வேலை செய்யவில்லையா?

2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் முகநூல், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு கதைக்க முடியாமல் தவித்தவர்களுக்கு அப்போது கிடைத்த ஆலோசனை, ‘விபிஎன் போடுங்கோ’ என்பதுதான். ஆனால் போட்ட பலருக்கும் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை.

விபிஎன் என்பது உங்கள் கைபேசிக்கும் வேறொரு நாட்டிலுள்ள கணினிக்கும் இடையில் மறைகுறியாக்கப்பட்ட ஒரு பாதையை அமைக்கிறது. நீங்கள் விபிஎன் பாவிக்கிறீர்கள் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பது தெரியாது. அதனால்தான் தடையைத் தாண்ட முடிகிறது.

பொதுவாக வரும் சிக்கல்கள் இவை:

காசு சட்டென்று முடிகிறது. வட்ஸ்அப், முகநூலுக்கு மட்டுமான பக்கேஜ் போட்டிருந்தால், விபிஎன் ஊடாகச் செல்லும் தரவை நிறுவனம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சாதாரண டேட்டாவாகவே கழியும். ஆகவே சாதாரண டேட்டா மீதி இருக்க வேண்டும்.

இணைப்பு அடிக்கடி அறுகிறது. பல அன்ட்ரொயிட் கைபேசிகள் பற்றரியைச் சேமிக்கப் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடும். பற்றரி அமைப்பில் விபிஎன் செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

இணையமே நின்றுவிடுகிறது. ‘விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு’ என்ற அமைப்பு இயங்கினால், விபிஎன் அறுந்தவுடன் எல்லாமே நிற்கும். டேட்டா முடிந்துவிட்டதென எண்ணி ரீலோட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

இணையவே மறுக்கிறது. கைபேசியில் திகதியும் நேரமும் பிழையாக இருந்தால் இப்படி நடக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு விபிஎன் செயலிகளும் இயங்காது. ஒன்றை நிறுத்திவிட்டு, மற்றதில் வேறொரு நாட்டைத் தெரிவுசெய்து பாருங்கள்.

இவற்றைவிட முக்கியமானது பாதுகாப்பு. நினைவேந்தல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் இளைஞர்கள் கைதானதை நாம் அறிவோம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. உங்கள் பெயரிலுள்ள முகநூல் கணக்கில் போடும் பதிவு, விபிஎன் ஊடாகப் போட்டாலும் உங்கள் பெயரில்தான் இருக்கும். கைபேசியைப் பறித்துத் திறந்து பார்த்தால் அதிலுள்ள படங்களையும் உரையாடல்களையும் விபிஎன் மறைக்காது. காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள் பற்றிய ஆவணங்களை வைத்திருப்போர் இதைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும்.

இலவசச் செயலிகளிலும் அவதானம் தேவை. தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாமல் போகும் விபரம் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். சில நிறுவனங்கள் அதை விற்றே உழைக்கின்றன. தொடர்பு இலக்கங்கள், படங்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் விபிஎன் செயலியை அகற்றிவிடுங்கள். அதன் வேலைக்கு அவை தேவையில்லை.

தடை வந்தபின் செயலியைத் தரவிறக்குவதும் கடினமாகலாம். நம்பகமான ஒன்றை இப்போதே நிறுவி, ஒருமுறை இணைத்து, வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள வயதானவர்களின் கைபேசியிலும் அதைச் செய்து கொடுங்கள்.