பறவைப் பட்டியலும் இணையப் பாடமும்

ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். பெரும் பூநாரை எது, சிறு பூநாரை எது என்று அலகைப் பார்த்தே சொல்லிவிடும் பறவை ஆர்வலர்களுள் பலர் விலங்கியல் படித்தவர்கள் அல்லர். இணையத்தில் தம்மைப் போன்ற ஆர்வலர்களிடம் கற்றவர்கள்.

2020இல் கொரோனா நோய்த்தொற்றால் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது நம் பாடங்களும் இணையத்திற்குச் சென்றன. ஆனால், மாணவர் பலர் மெல்ல மெல்ல விலகிப் போயினர். வீட்டிற்கு ஒரே கைபேசி என்பது ஒரு காரணம். கருவி இருந்தும் பலர் கற்கவில்லையே, அது ஏன்? விடையைப் பறவை ஆர்வலர்களிடம் தேடுவோம்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் ‘இ-பேர்ட்’ என்னும் இணையப் பதிவேட்டைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பும் இதில்தான் பதிவாகிறது. இடம், நேரம், கண்ட பறவைகள், அவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை எவரும் எழுதலாம். அவ்விடத்தில் அரிதான பறவையை ஒருவர் குறித்தால், அப்பகுதியை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் விளக்கம் கேட்பார். “அலகு முழுவதும் கருஞ்சிவப்பா? அல்லது இளஞ்சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுப்பா?” முன்னது சிறு பூநாரை, பின்னது பெரும் பூநாரை. அடுத்த முறை அவர் அலகைக் கவனிக்காமல் வரமாட்டார்!

இங்கே மூன்று செய்திகளைக் காண்கிறோம். கற்பவர் தாமே உற்றுநோக்குகிறார். பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறைவதில்லை, கேள்வி பிறக்கிறது. அவர் தரும் தகவல் பிறருக்கும் பயன்படுகிறது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது.

இம்முறை இயற்பியலுக்கும் பொருந்தும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் இருக்கட்டும். சிறிதளவே இழுத்துவிட்டால், 20 அலைவுகளுக்குச் சுமார் 40 வினாடி ஆகும். மாணவர் அனைவரும் தத்தம் அளவை ஒரே பட்டியலில் எழுதட்டும். ஒருவருக்கு 38 வினாடி வந்தால், “தவறு” என்று அடிக்க வேண்டாம். “எங்கிருந்து எண்ணத் தொடங்கினாய்?” என்று கேளுங்கள். கல்லை விட்டவுடனேயே ‘ஒன்று’ என எண்ணியிருந்தால், அவர் அளந்தது 19 அலைவுகளையே. சுழியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை இனி அவர் மறப்பாரா?

இதற்கு நாள் முழுவதும் இணைய இணைப்பு தேவையில்லை. வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் திரும்பிய பிறகு, அவருடைய கைபேசியில் ஓர் எண்ணை அனுப்பினால் போதும். ஒரு மணி நேரச் சொற்பொழிவைத் திரையில் காட்டுவதைவிட, மாணவர் அளந்த ஓர் எண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதே சிறந்த இணையக் கல்வி எனலாம்.