நூற்றொரு மாதரும் ஓர் ஆடவரும்

காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுப்பார்களோ என்று நம் அன்னையர் வியப்பர். கனடா நாட்டு ஹாமில்டன் நகரில் 1889-இல் அது புதுமையன்று. மூடியிடாத பாத்திரங்களில் வீதி வழியே வந்த பாலில் ஈக்கள் மொய்த்தன. அவ்வாண்டு அடிலெய்டு ஹூட்லெஸ் அம்மையாரின் 14 மாத மைந்தன் இறந்தான். கெட்ட பாலே காரணமென நம்பிய அத்தாய், தம் அறியாமையை எண்ணி நொந்தார், அழுகையோடு நின்றாரல்லர்.

கால்நடைக்கு ஏற்ற தீனி எதுவெனக் கற்க உழவர்களுக்குச் சங்கம் இருந்தது. பிள்ளைகளைப் பேணும் இல்லத்தரசியர்க்கு ஏன் இல்லை என்று அவர் வினவினார். 1897 பிப்ரவரி 19 அன்று ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூரில் 101 மாதர் கூடிக் கழகம் கண்டனர். உடனிருந்த ஆடவர் எர்லண்ட் லீ என்னும் உழவர் ஒருவரே. அவர் வீட்டு உணவு மேசையில் கழகத்தின் விதிகள் வரையப்பட்டன. (மாதர் சங்கக் கணக்கெழுத ஓர் ஆடவரைத் தேடி அலைவோரை நம் பங்குகளில் நாம் கண்டதுண்டு!)

அம்மையார் 1910-இல், டொராண்டோ நகர மேடையொன்றில் பேசிக்கொண்டிருக்கையிலேயே உயிர்நீத்தார்.

1915-இல் இக்கழகம் வேல்ஸ் நாட்டில் கால்கொண்டது. போர் மூண்டிருந்த 1940-இல், மரத்தடியில் அழுகவிருந்த கனிகளைப் பிரித்தானியச் சிற்றூர்களின் கழகத்தார் திரட்டினர். அரசு அளித்த சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்சி, 1,600 டன்னுக்கு மேல் ஜாமும் பிறவும் ஆக்கினர். ஊர் மன்றங்களிலும் பண்ணை வீட்டு அடுக்களைகளிலும், கூலியின்றி.