இணையத்தில் கணிதமும் விஞ்ஞானமும்: எம் பிள்ளைகளுக்கு எது பயன் தரும்?

சில மாதங்களுக்கு முன்னர் செட்டிகுளத்தில் ஒரு தகப்பனார் தம் மகளின் விஞ்ஞான வினாத்தாளோடு என்னிடம் வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்தில் வயல் செய்தவர். 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்ட பின்னரும் இப்பகுதியிலேயே தங்கிவிட்டவர்.

"பாதர், பிள்ளை இரவிரவாப் போனிலதான் படிக்கிறாள். படிச்சதைத்தான் எழுதினவளாம். பிழை எண்டு போட்டிருக்கினம். போனில சொல்லிக் குடுக்கிறது பொய்யோ?" என்று கேட்டார்.

வினா இதுதான்: நிறையின் அலகு யாது? பிள்ளை 'கிலோகிராம்' என்று எழுதியிருந்தாள். எமது பாடத்திட்டத்தின்படி விடை 'நியூட்டன்'. அவள் பார்த்த காணொளி தமிழ்நாட்டில் தயாரிக்கப்பட்டது. எமது பாடநூல்கள் 'திணிவு' என்பதை அங்கே 'நிறை' என்கின்றனர். நாம் 'நிறை' என்பதை அவர்கள் 'எடை' என்கின்றனர். காணொளி பொய் சொல்லவில்லை. பிள்ளையும் கவனமின்றிப் படிக்கவில்லை. திருத்தியவரும் அநியாயம் செய்யவில்லை. அவர்கள் சொல்லும் நிறை வேறு, எமது நிறை வேறு என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கவில்லை. பல மாதங்களாக அவளுடைய வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் கிடைக்கவில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயம் அன்று. காணியையும் மாட்டையும் விட்டு வந்தபோது பிள்ளைகளின் கொப்பி புத்தகங்களையும் விட்டு வந்தோம். ஆயினும் படிப்பை விடவில்லை. 2009 ஆகஸ்டில் முகாமுக்குள் இருந்தபடியே எம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இன்று அதே பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. எந்த இடப்பெயர்விலும் அவை தொலைந்துபோகா. அவற்றை யார் எடுத்துத் தருவது, யார் வழிகாட்டுவது என்பதே இன்றுள்ள கேள்வி.

முதலில் எமது பாடத்திட்டம்

ஆசிரியரோ, மாலை வகுப்பு நடத்தும் இளைஞரோ முதலில் நாடவேண்டிய இடங்கள் நான்கு.

1. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளம். அரசாங்கம் பாடசாலைகளுக்கு வழங்கும் பாடநூல்களைத் தமிழ் மொழியில் இங்கிருந்து அப்படியே பதிவிறக்கலாம். புத்தகம் கிழிந்தாலும் வெள்ளத்தில் நனைந்தாலும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

2. தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளம். பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இங்கே உண்டு. ஒரு பாடத்தை எத்தனை பாடவேளைகளில், எந்தச் செயற்பாடுகளோடு கற்பிப்பது என்று வழிகாட்டி சொல்கின்றது. பயிற்சி பெறாத தொண்டர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

3. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ'. பாடங்களும் பயிற்சிகளும் தரம் வாரியாக மூன்று மொழிகளிலும் உள்ளன.

4. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள். பரீட்சார்த்திகள் எந்த வினாவில் தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்பதை இவை எடுத்துக்காட்டுகின்றன. பிள்ளை எங்கே சறுக்கும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறியலாம்.

இவற்றோடு, ஈழத்துத் தமிழ் நூல்களைத் தேடிச் சேர்ப்பதற்காக 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தையும் குறிப்பிடவேண்டும். பழைய பாடநூல்களும் சஞ்சிகைகளும் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன.

ஒரே தமிழ், இரு கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுக் காணொளிகளை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றுள் மிகச் சிறந்தவை உண்டு. ஆனால் பார்ப்பதற்கு முன்னர் ஆசிரியர் ஒரு சிறு பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். எமது சொல் முதலில், தமிழ்நாட்டுச் சொல் அடுத்து:

திணிவு – நிறை
நிறை – எடை
கதி – வேகம்
வேகம் – திசைவேகம்
ஆர்முடுகல் – முடுக்கம்
அமுக்கம் – அழுத்தம்
ஒளித்தொகுப்பு – ஒளிச்சேர்க்கை
ஒட்சிசன் – ஆக்சிஜன்

கடைசி நான்கில் ஆபத்துக் குறைவு. சொல் புதிது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். 'நிறை', 'வேகம்' என்ற இரண்டுமே பொல்லாதவை. இரு கரையிலும் ஒரே சொல், பொருளோ வேறு. எம் மகள் தடுக்கி விழுந்த இடமும் இதுவே.

செய்து பார்க்க உதவுபவை

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கும் இன்று ஒரு வழி உண்டு. பௌதிகவியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடக்கிய 'ஃபெட்' என்ற திட்டம், பரிசோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்கத் தருகின்றது. மின்சுற்று, அடர்த்தி, பின்னம், திரவ அமுக்கம் எனப் பல உண்டு. தமிழில் மொழிபெயர்க்கப்பட்டவையும் இருக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கினால் பின்னர் இணைப்பின்றியும் பயன்படுத்தலாம். திரவ அமுக்கத்தைத் திரையில் காட்டிய ஆசிரியர், மறுநாள் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிச்செல்லட்டும். கட்டின் அடி ஏன் அகலமாக இருக்கின்றது என்று கேட்கட்டும். ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கமும் கூடும் என்ற பாடம் பிறகு மறக்காது.

கேத்திரகணிதத்துக்கு 'ஜியோஜீப்ரா' உதவும். மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் ஒஸ்திரியாவில் தொடங்கிய இந்த இலவச மென்பொருள் கைத்தொலைபேசியிலும் இயங்கும். முக்கோணியின் ஒரு மூலையை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையில் அசையாமல் நிற்கும்.

இந்தியாவின் அரவிந்த் குப்தா, எறியும் பொருள்களிலிருந்து விஞ்ஞான விளையாட்டுப் பொருள்கள் செய்யக் கற்பிப்பவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரது இணையத்தளத்தில் தமிழ்க் காணொளிகளும் உண்டு. ஒரு பற்றரி, ஒரு காந்தம், இரு ஊசிகள், கொஞ்சம் செப்புக்கம்பி இருந்தால் சிறு மின்மோட்டர் ஒன்றைச் சுழலவிடலாம்.

'டேட்டா' இல்லாத வீட்டுக்கு

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசி உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்று எம்மிடையே புதிய வேலி ஒன்று எழுந்தது. ஒவ்வொரு வீடும் தனித்தனியே காசு கட்டிப் பதிவிறக்கத் தேவையில்லை. இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் ஒருவர் ஒருமுறை பதிவிறக்கி, ஒரு பென் டிரைவில் சேர்த்தால் கிராமம் முழுவதற்கும் போதும். 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும் இவ்வாறு இணைப்பின்றி வாசிக்கலாம். 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் என்பது எமக்குப் பெருமை.

பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அங்கே படிக்கும் எம் ஊர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் வரும்போது இப்பணியை ஒரு நாளில் செய்துவிடலாம். கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோர் செய்யக்கூடியது

"நாங்கள் படிக்கேல்லை, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று பல பெற்றோர் ஒதுங்குகின்றனர். கணக்கில்லாமல் எவரும் வயல் செய்வதில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ மூடை ஒன்றில் எத்தனை கிலோ நைதரசன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். 23 என்று வரவேண்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்தால் இரண்டரை ஏக்கருக்கு எத்தனை கிலோ? 105. படித்ததை இரவில் உங்களுக்கு விளக்கிச் சொல்லச் செய்யுங்கள். விளக்க முடியாவிட்டால் பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை என்று அறிந்துகொள்வீர்கள். தொலைபேசியை மூலையில் வைத்துப் பார்க்கவிடாமல், எல்லோரும் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கவிடுங்கள்.

இவை எவையும் ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பிவிடா. கணித, விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டு அதிபரிடமும் கல்வி வலயத்திடமும் செல்வதை நாம் நிறுத்திவிடலாகாது. இணையம் இருக்கின்றதுதானே என்று எவரும் எமக்குப் பதில் சொல்ல இடமளிக்கவும் கூடாது.

அந்தத் தகப்பனாரிடம், "போன் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது எங்கட பரீட்சைக்குச் சொன்னதில்லை" என்றேன். அடுத்த வாரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். மேலே தந்த பட்டியலைப் பிள்ளை தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவர் கொப்பியோடு வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.