கங் ஹோ: அன்றும் இன்றும்

ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் 'கங் ஹோ' என்று சொன்னால், எடுத்த காரியத்தில் மிதமிஞ்சிய வேகத்தோடு இறங்குகிறவர் என்று பொருள். முன்பின் யோசிக்காமல் போருக்குத் துடிக்கும் தலைவரையும் இப்படிச் சொல்வதுண்டு. கேட்டால் அமெரிக்கப் படைமுகாமில் பிறந்த சொல் போலிருக்கும். உண்மையில் இது சீனத்துப் பட்டறைகளில் பிறந்தது.

அன்று

1937-இல் ஜப்பானியப் படை ஷாங்காயைப் பிடித்தது. சீனாவின் ஆலைகளில் பெரும்பகுதி கடலோர நகரங்களில்தான் இருந்தது. உயிர் தப்பி உள்நாட்டுக்கு ஓடியவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் ஏராளம், பிழைப்புக்குத்தான் வழியில்லை. அப்போது ஷாங்காயில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர் நியூசிலாந்துக்காரர் ரெவி ஆலி. பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ, அவர் மனைவி ஹெலன், சீன நண்பர்கள் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஊருக்கு ஊர் சிறு கூட்டுறவுப் பட்டறைகள் அமைப்பது. எதிரி நெருங்கினால் கருவிகளோடு இடம் பெயர்வது.

1938-இல் சீனத் தொழில் கூட்டுறவு இயக்கம் தொடங்கியது. வடமேற்கே பாவ்ஜி நகரின் கொல்லர்கள் முதல் சங்கத்தை அமைத்தார்கள். விரைவில் சங்கங்கள் ஆயிரத்தைத் தாண்டின. படைவீரர்களுக்குக் கம்பளி, மக்களுக்குத் துணி, காகிதம், சோப்பு எல்லாம் அங்கே உருவாயின. உழைத்தவர்களே உரிமையாளர்கள். இயக்கத்தின் நீண்ட சீனப் பெயரின் சுருக்கம்தான் 'கோங் ஹ'. அதன் இரண்டு எழுத்துகளில் ஒன்று உழைப்பைக் குறிக்கிறது, மற்றது சேர்தலை.

ஆலியின் நண்பரான அமெரிக்க மரீன் அதிகாரி எவன்ஸ் கார்ல்சன், சீனக் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப் படையோடு பயணம் செய்தவர். 1942-இல் தனக்கென ஒரு படைப்பிரிவு கிடைத்ததும் இந்தச் சொல்லைக் 'கங் ஹோ' என அதன் முழக்கமாக்கினார். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உணவு. எதற்காகப் போரிடுகிறோம் என்பதைக் கூடிப் பேசினார்கள். கடைநிலை வீரனும் கேள்வி கேட்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பசிபிக் பெருங்கடலின் மாக்கின் தீவில் அவர்கள் நடத்திய தாக்குதல் அமெரிக்காவெங்கும் பேசப்பட்டது. 1943-இல் 'கங் ஹோ!' என்ற பெயரிலேயே ஹாலிவுட் படம் வந்தது. சொல் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

இன்று

போய்ச் சேர்ந்தது பாதிதான். துடிப்பு நிலைத்தது, சேர்தல் உதிர்ந்துவிட்டது. சம உணவும் சமப் பேச்சும் பங்கு லாபமும் மறைந்து, தனி மனிதரின் வேகத்துக்கு மட்டும் இச்சொல் பெயராகிவிட்டது. சற்று ஏளனமும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் சீன மண்ணில் மூலச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1950-களில் ஓய்ந்த இயக்கத்தின் பன்னாட்டுக் குழு, 1987-இல், ஆலி மறைந்த அதே ஆண்டில், மீண்டும் செயல்படத் தொடங்கியது. கூட்டுறவுகளுக்குப் பயிற்சி தருகிறது. உழவர் கூட்டுறவுகளுக்கான தனிச் சட்டம் அங்கே 2007-இல் நடைமுறைக்கு வந்தது.

வேகம் ஒருவரிடமே இருக்கலாம். கோங் ஹ ஒருவரால் ஆகிற காரியமன்று. ஊரிழந்து வந்த கொல்லரும் நெசவாளரும் ஒருவரையொருவர் நம்பி உலையை மூட்டினார்கள். இச்சொல்லை எடுத்தாள்கிறவர்கள் அந்த நம்பிக்கையையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்தக் கொல்லருக்கும் நெசவாளருக்கும் நாம் பட்ட கடன் அது.